பந்தைத் தொடாத தடியன்

மகள் வீடியோ கேமில் அமெரிக்கக் கால்பந்துக்கு அணி சேர்த்துக்கொண்டிருந்தாள். சேர்த்துவைத்த புள்ளிகளை எல்லாம் ஒரு தடியனுக்கே கொட்டினாள்.

"இவன் பந்தைத் தொடவே மாட்டாம்ப்பா. எறியறவன் மேல எவனும் விழாம மறிச்சிகினு நிப்பான்."

அரசு விதிகளைப் படித்தே நரைத்தவன் நான். இந்த விதி எனக்கு ஆரணித் தெருக் கபடியிலேயே தெரியும்.

அங்கே பாடிப்போவதில் நான்தான் சூரன் என்பது என் அபிப்பிராயம். தலைவனோ எப்போதும் பெருமாளைத்தான் முதலில் எடுப்பான். தறிக்குழியில் மிதித்து மிதித்துத் தூணாகிவிட்ட கால்கள் பெருமாளுக்கு. அவன் ஒருநாளும் பாடிப்போனதில்லை.

தேவிகாபுரத்தோடு ஆடியபோது எங்களில் அவனைத் தவிர எல்லோரும் அவுட். எதிரணியில் மூவர் மிச்சம்.

"டேய் பெருமாளு, வுட்டுடாதடா!" என்று கோட்டுக்கு வெளியே நின்று அலறினோம்.

பாடி வந்தவனின் கணுக்காலைப் பிடித்தான் பெருமாள். தேர் வடம் கட்டி இழுத்தாலும் நகராத பிடி. வந்தவனுக்கு மூச்சு விட்டுப்போனது. ஒருவனைப் பிடித்தால் எங்களில் ஒருவன் உள்ளே திரும்பலாம். நான் திரும்பினேன். பாடிப்போய் மற்ற இருவரையும் தொட்டு வந்தேன். ஜெயித்தோம்.

என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு ஊர்வலம் போனார்கள். பெருமிதத்தோடு கீழே குனிந்தேன். என்னைச் சுமந்துகொண்டு நடந்தவன் பெருமாள்.

"இவனை மாதிரி இன்னொருத்தன் கிடைச்சா அவனையும் எடும்மா" என்றேன் மகளிடம்.