ஏழு மணிப் பச்சைப் புள்ளி

பருத்திப்பட்டு ஏரிக்குப் பின்னால் இருக்கிற தெருவில்தான் ஹேமாவதியின் வீடு. முப்பத்தெட்டு வயது. கல்யாணமாகிப் பதினாலு மாதத்தில் பிறந்த வீட்டுக்கே திரும்பி வந்தவள். ஏன் வந்தாள் என்று தெருவில் யாரும் இப்போது கேட்பதில்லை. அம்பத்தூர் எஸ்டேட்டில், வண்டிகளுக்குப் புஷ் என்கிற உலோக வளையங்கள் செய்யும் ஒரு சின்னக் கம்பெனியில் தரம் பார்க்கும் வேலை. கடைசல் முடிந்து வருகிற ஒவ்வொன்றையும் வெர்னியர் அளவுகோலால் அளந்து, சரியென்றால் இந்தப் பக்கமும் இல்லையென்றால் அந்தப் பக்கமும் வைப்பாள். பதினாறு வருஷமாக அதே மேஜை.

ஆவடியில் ரயில் ஏறினால் அம்பத்தூர் வரும்வரை செல்போனில் லாரி ஓட்டுவாள். அது ஒரு கேம். நிஜத்தில் அவளுக்கு ஸ்கூட்டி கூட ஓட்டத் தெரியாது. ஒருநாள் அதே மாதிரி லாரியைப் பெரிய கம்ப்யூட்டரில் யாரோ ஓட்டுகிற வீடியோ பார்த்தாள். மலைப்பாதை, மழை, கண்ணாடியில் வைப்பர் ஓடுகிறது, எதிரில் ஆளே இல்லை. அந்த இருக்கையில் போய் உட்கார வேண்டும் என்று அவளுக்குத் தோன்றிவிட்டது.

"இன்னாடி இது, நாப்பது வயசுல கேம் ஆடப் போறியா?" என்றாள் அம்மா எல்லம்மா.

"முப்பத்தெட்டு" என்றாள் ஹேமாவதி.

ஆயத்தமாக விற்கிற கேமிங் கம்ப்யூட்டர் எதுவும் அவள் கைக்கு எட்டவில்லை. பாகம் பாகமாக வாங்கி நாமே சேர்த்தால் எட்டும் என்று வீடியோக்கள் சொல்லின. மூன்று மாதம் ரயிலில் லாரி ஓட்டவில்லை, பாகங்களைப் படித்தாள். ஒரு நோட்டில் எழுதி எழுதி அடித்தாள். முதலில் பிடித்துப்போன பிராசசருக்கும் மலிவாகக் கிடைத்த மதர்போர்டுக்கும் பொருந்தாது, உட்காரும் குழியே வேறு என்று தெரிந்தபோது வெர்னியர் பிடிக்கிற அவள் கைக்கு அது உடனே புரிந்தது. ரேம் பதினாறு ஜிபி ஒன்றாக வாங்குவதைவிட எட்டு எட்டாக இரண்டு வாங்கினால் வேகம் என்று எழுதிக்கொண்டாள்.

ரிச்சி ஸ்ட்ரீட் கடைக்காரர், "பையனுக்கா மேடம்?" என்றார்.

"எனக்குத்தான்."

அவர் ஒரு கணம் பார்த்துவிட்டு, கேபினட்டோடு சேர்ந்து வரும் எஸ்.எம்.பி.எஸ்-ஐத் தட்டிக் காட்டினார். "இதுவே போதும் மேடம், கரண்டுதானே குடுக்குது."

"அதான் வேணாங்கறேன். கரண்டு குடுக்கறது ஒழுங்கா இல்லனா மத்ததெல்லாம் போயிடும். அந்தக் கம்பெனிது எடுங்க" என்று மேல் தட்டைக் காட்டினாள். அவர் அதற்கப்புறம் வாதாடவில்லை.

எல்லாம் வந்துவிட்டது, எல்லாவற்றையும் சேமித்து வைக்கும் எஸ்.எஸ்.டி-யும் கிராபிக்ஸ் கார்டும் தவிர. படத்தைத் திரையில் ஓடவைக்கும் பாகம் இந்தக் கார்டுதான். கேமுக்கு உயிரே அதுதான், விலையும் அதற்குத்தான் அதிகம். புதிது எட்டாது. இன்னொருவர் ஓட்டித் தேய்த்ததை வாங்குவதா என்று அவள் ரொம்ப யோசித்தாள். எவ்வளவு ஓடியது, எவ்வளவு சூடானது என்று எந்த வெர்னியரும் சொல்லாது. கடைசியில் ஒரு விளம்பரம் பார்த்தாள். கிராபிக்ஸ் கார்டும் எஸ்.எஸ்.டி-யும் விற்பனைக்கு, ஒருவர் மட்டும் வைத்திருந்தது, ஒன்பது மாதமாக ஓடவில்லை, ஆவடி குவார்ட்டர்ஸ்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் போனாள். கதவைத் திறந்தவர் குணசேகரன். பாதுகாப்புத் தொழிற்சாலையில் ஃபிட்டர், ஓய்வு பெற இரண்டு மாதம். கூடத்தில் பாத்திரம் பண்டமெல்லாம் அட்டைப்பெட்டிகளில் கட்டிக் கிடந்தது. உள்ளறையில் ஒரு கம்ப்யூட்டர் மட்டும் கட்டாமல் மேஜைமேல் இருந்தது.

"எது கார்டுன்னு எனக்குத் தெரியாதும்மா. நீங்களே கழட்டிக்கோங்க."

அவள் ஸ்க்ரூடிரைவரை எடுத்து இரண்டையும் கழற்றினாள். கார்டின் காற்றாடி நடுவில் ஒரு தலைமயிர் சுற்றிக்கிடந்தது. குட்டையான, ஆண்பிள்ளை முடி. ஏனோ அவர் எதிரில் அதைப் பிய்த்துப் போட அவளுக்கு மனம் வரவில்லை. அப்படியே பழைய செய்தித்தாளில் சுற்றினாள்.

"பையனோடதா? வெளிநாடு போயிட்டாரா?"

"ஆமா. வெளியூர்ல இருக்கான்" என்றார். சமையலறையில் ஏதோ பாத்திரம் நழுவி விழுந்தது. யாரும் வெளியே வரவில்லை.

அன்று மத்தியானமே வீட்டில் எல்லாவற்றையும் சேர்த்தாள். பிராசசரை மட்டும் இரண்டு தடவை திசை பார்த்து வைத்தாள். பட்டனை அமுக்கினாள். காற்றாடிகள் சுற்றின. திரையில் எழுத்து வந்தது. பழைய எஸ்.எஸ்.டி-யில் இருப்பதை முதலில் துடைத்துவிட வேண்டும் என்று எல்லா வீடியோவிலும் சொல்லியிருந்தார்கள். அவள் துடைப்பதற்குள் அது கடவுச்சொல்கூடக் கேட்காமல் திறந்துவிட்டது. மேலே 'கௌதம்' என்று பெயர். கீழே வரிசையாகக் கேம்கள். நடுவில், அவள் ஆசைப்பட்ட அதே லாரி.

துடைத்திருக்கலாம். ஆனால் அந்தக் கேமைத் தனியாக வாங்க வேண்டியிருக்கும். ஒரு தடவை ஓட்டிப் பார்த்துவிட்டுத் துடைக்கலாம் என்று நினைத்தாள்.

லாரி பாதி வழியில் நின்றுகொண்டிருந்தது. சரக்கு ஏற்றியிருந்தது. போய்ச்சேர இன்னும் நானூறு கிலோமீட்டர் என்று திரையோரப் பெட்டி காட்டியது. பக்கக் கண்ணாடிகள் அவளைவிட உயரமான ஒருவரின் கண்ணுக்கு வைத்திருந்தன. அதை மாற்ற அவளுக்குக் கை போகவில்லை. மெல்ல நகர்த்தினாள். அப்படியே சாயங்காலம் ஏழு மணி ஆகிவிட்டது. அப்போதுதான் திரையின் மூலையில் ஒரு சின்னக் கட்டம் எழுந்தது. வித்யா என்ற பெயரில் ஒரே வார்த்தை.

"அப்பாவா?"

அவள் கம்ப்யூட்டரையே அணைத்துவிட்டாள்.

மறுநாள் வேலை முடிந்து வந்து, துடைத்துவிடுகிற எண்ணத்தோடுதான் திறந்தாள். அதற்குள் நாலைந்து வரிகள் வந்து காத்திருந்தன.

"கௌதம் பேர்ல நேத்து பச்சைப் புள்ளி எரிஞ்சுது. நீங்கதான் போட்டீங்களாப்பா? அவன் போய் ஒன்பது மாசத்துல இதான் முதல் தடவை. இன்னிக்கு ஆபீஸ்ல அழுதுட்டேன். நீங்க ஒண்ணும் எழுத வேணாம், உங்களுக்கு டைப் பண்ண வராதுன்னு தெரியும். சும்மா எரியட்டும்."

வெளியூர் என்றாரே, அந்த வார்த்தை ஹேமாவதியின் நெஞ்சில் இறங்கி நின்றது. காற்றாடி சத்தம் மட்டும் அறையில் கேட்டது. நாற்காலியில் தனக்கு முன்பே யாரோ உட்கார்ந்திருக்க, அவர் மடியில் தான் உட்கார்ந்துவிட்டதுபோல இருந்தது. சட்டென்று எழுந்துகொண்டாள்.

'நான் உங்க அப்பா இல்லைங்க' என்று எழுதினாள். அழித்தாள். இன்னொரு முறை எழுதினாள், அதையும் அழித்தாள். அடுத்த நாள் ஓவர்டைம், வர ஒன்பது ஆகிவிட்டது. வந்து திறந்தால், "ஏம்ப்பா இன்னிக்கு வரல? உடம்பு சரியில்லையா? போன் பண்ணா ரெண்டு வார்த்தையில வெச்சிடறீங்க" என்று இருந்தது. அதற்குமேல் அவளால் ஒருநாளும் தவற முடியவில்லை. சரியாக ஏழு மணிக்குப் போட்டு, லாரியை ஓட்டாமல், பாதி வழியிலேயே நிறுத்தி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். எட்டு மணிக்கு அணைப்பாள். அந்த ஒரு மணிநேரமும் வித்யா எதையாவது எழுதிக்கொண்டே இருந்தாள். புனேயில் வேலை, தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை, தம்பியும் நானும் தினம் ஏழு மணிக்கு ஒரே சாலையில் லாரி விடுவோம், மூன்று நாள் காய்ச்சலில் அவன் போவான் என்று யார் நினைத்தது. அப்பாவிடம் வாய்விட்டுச் சொல்ல முடியாததையெல்லாம் எழுதினாள். இன்னொருவர் வீட்டுக் கடிதத்தைப் பிரித்துப் படிக்கிற கூச்சத்தோடு ஹேமாவதி எல்லாவற்றையும் படித்தாள்.

ஒருநாள் எதையோ தேடும்போது ஒரு ஃபோல்டரில் பதிவுகள் கிடைத்தன. கேம் ஆடும்போது அவனே பதிந்தவை. ஒன்றைத் திறந்தாள். லாரி இரைச்சல். குக்கர் விசில். பின்னாலிருந்து ஒரு ஆண்குரல், "கௌதமு, சாப்பிட வாடா, ஆறுது." ரொம்பப் பக்கத்தில், காதோடு பேசுவதுபோல ஒரு இளங்குரல், "அஞ்சு நிமிஷம்ப்பா."

"யாருகிட்டடி பேசிகினு கீற?" என்று எல்லம்மா கூடத்திலிருந்து கேட்டாள்.

"யாருமில்லம்மா" என்று சொல்லி ஹேமாவதி பதிவை நிறுத்தினாள். அந்த ஆண்குரல் குணசேகரனுடையது.

கம்பெனியில் கவனம் தப்பி, சரியான உருப்படிகளை அந்தப் பக்கம் தள்ள ஆரம்பித்தாள். சூப்பர்வைசர் ஒரு தட்டு முழுக்கத் திருப்பி அனுப்பினார். இப்படியே பன்னிரண்டு நாள் போயிற்று. பன்னிரண்டாம் நாள் சாப்பாட்டு வேளையில் போன் வந்தது.

"அம்மா, நான் குணசேகரன். கார்டு வித்தேனே. நீங்க... ஏழு மணிக்கு அதைப் போடறீங்களா?"

டப்பாவை மூடிவிட்டு வெளியே வந்தாள். "ஆமா சார். தப்புதான் சார். அன்னிக்கே துடைச்சிருக்கணும்."

"என் பொண்ணு நேத்து போன் பண்ணா. தினமும் தம்பி சீட்ல உக்காரறீங்களே, என்கிட்ட சொல்லலையேன்னு கேட்டா. எனக்குக் கை கால் ஓடல. வித்துட்டேன்னு சொல்ல வாய் வரலம்மா. ஆமா, நான்தான்னு சொல்லிட்டேன்."

ஹேமாவதி போனை இன்னும் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"அந்த ரூமைத் தாண்டும்போதெல்லாம் என் வீட்டம்மா நின்னுடுவா. ஊருக்குப் போறப்ப அதையும் தூக்கிட்டுப் போனா அங்கயும் நிப்பா. அதான் வித்தேன்." அவர் குரல் இறங்கியது. "நான் ஒரே ஒரு தடவை வந்து அதுல உக்காரலாமாம்மா? அவகிட்ட சொன்னது முழுப் பொய்யா இருக்க வேணாம்."

சனிக்கிழமை ஆறரைக்கே வந்துவிட்டார். கூட மனைவி லோகநாயகி. அந்த அம்மாள் திரையைப் பார்க்கவேயில்லை. கேபினட்டின் பக்கக் கண்ணாடி வழியாக உள்ளே பார்த்தபடி தரையில் உட்கார்ந்துவிட்டார். "இது அவனுதுதானே? சுத்துதே" என்றார். காற்றாடியில் அந்த முடி இன்னும் இருக்கிறதென்று ஹேமாவதிக்குத் தெரியும். அவள் சொல்லவில்லை.

பதிவைப் பற்றி முதலிலேயே சொல்லிவிட்டாள். "கேக்கணும்னா போடறேன். வேணாம்னா வேணாம்."

"போடும்மா" என்றார் லோகநாயகி.

லாரி இரைந்தது. குக்கர் விசிலடித்தது. சாப்பிட வாடா என்றது குரல். அஞ்சு நிமிஷம்ப்பா என்றான் பையன்.

"சரிடா" என்றார் குணசேகரன்.

நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர், அவருக்கே தெரியாமல், நிஜமாகவே பதில் சொல்லிவிட்டார். லோகநாயகி அவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டார். எல்லம்மா காபித் தம்ளர்களோடு வாசற்படியில் வந்து நின்றவள், உள்ளே வராமல் திரும்பிப் போய்விட்டாள்.

ஏழு மணிக்குக் கட்டம் எழுந்தது. "வந்துட்டீங்களாப்பா?"

ஒற்றை விரலால், ஒவ்வொரு எழுத்தாகத் தேடி அவர் அடித்தார். "அப்பா தான்."

"ஐயோ டைப் பண்றீங்க! இத்தனை நாள் ஏன் ஒரு வார்த்தை எழுதல?"

அவர் ஹேமாவதியைத் திரும்பிப் பார்த்தார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அவர் ரொம்ப நேரம் விரலைத் தூக்கியே வைத்திருந்தார். பிறகு அடித்தார். "இத்தனை நாள் நான் இல்ல. கம்ப்யூட்டர வித்துட்டேன். வாங்கின பொண்ணு வீட்ல இருக்கேன். இன்னிக்குதான் நான்."

இரண்டு நிமிஷத்தில் வித்யாவின் புள்ளி அணைந்துவிட்டது. குணசேகரனின் போன் அடித்தது. அவர் எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனார். மகள் கத்துவது கூடம்வரை கேட்டது. அவர் நின்று முழுக்கக் கேட்டார்.

அன்றே ஹேமாவதி எஸ்.எஸ்.டி-யைக் கழற்றி லோகநாயகியின் கையில் கொடுத்தாள். கார்டையும் கழற்றப் போனாள். "அது சுத்தட்டும்மா" என்று தடுத்துவிட்டார் அந்த அம்மாள். அடுத்த மாதம் அவர்கள் சிவகாசிப் பக்கம் சொந்த ஊருக்குப் போய்விட்டார்கள்.

புதிதாக ஒரு எஸ்.எஸ்.டி. வாங்கிப் போட்டாள். லாரிக் கேமைத் தன் பெயரிலேயே வாங்கினாள். முதல் லாரி, முதல் சரக்கு, எல்லாம் தொடக்கத்திலிருந்து. இருந்தும் ஏழு மணிக்கு அந்த அறைக்குள் போகும்போது, யாரையோ எழுப்பிவிட்டு உட்காருகிறோம் என்கிற எண்ணம் போகவேயில்லை. நாற்காலியை ஒருமுறை வெறுமனே இழுத்துவிட்டு, கொஞ்சம் பொறுத்துத்தான் உட்காருவாள்.

ஐப்பசி மாதம், நல்ல மழை நாளில், அவள் கணக்குக்கு நட்பு கேட்டு ஒரு அழைப்பு வந்தது. வித்யா. அப்பாவிடம் பெயர் கேட்டு வாங்கினாளாம். கோபம் இன்னும் இருக்கிறது என்று முதல் வரியிலேயே எழுதியிருந்தாள். பிறகு, "லாரி ஓட்டலாமா?" என்று கேட்டாள்.

இப்போது வாரத்தில் இரண்டு நாள் இருவரும் ஓட்டுகிறார்கள். பேச்சு அதிகமில்லை. முதல் நாள் ஹேமாவதி ஓரம் ஒதுங்கி, வழி விட்டாள்.

"இல்ல, நீங்க முன்னாடி போங்க" என்று எழுதினாள் வித்யா. "நான் எப்பவும் பின்னாடிதான் வருவேன்."

ஹேமாவதி கியரை மாற்றி முன்னால் போனாள். கண்ணாடியில் வித்யாவின் லாரி விளக்குகள் தெரிந்தன. ஒரே தூரத்தில், நெருங்காமலும் விலகாமலும் வந்துகொண்டிருந்தன. தன் வண்டியின் முதுகைப் பார்த்துக்கொண்டு வருகிற அந்தப் பெண் இப்போது யாரைப் பார்க்கிறாள் என்று ஹேமாவதி இதுவரை கேட்கவில்லை. வேகத்தை மட்டும் சீராக வைத்துக்கொள்கிறாள்.