இடிக்குப் பிளக் கழற்றும் ஒழுங்கையில் ஒரு கார்

அம்மாவுக்குக் கிழமையில் இரண்டு நாள் டயலிசிஸ் செய்யவேண்டும் என்று வைத்தியர் சொன்ன மறுநாளே யாழ்ப்பாண நகரில் எங்களுக்கு ஒரு வாடகை வீடு தயாராகிவிட்டது. அதைப் பார்த்தவர் சுவிஸில் இருக்கும் அண்ணா. அங்கிருந்தபடியே நாலு பேருக்குத் தொலைபேசி எடுத்து, படங்கள் அனுப்பவைத்து, வீட்டுக்காரரோடு பேசியும் முடித்திருந்தார். ஆஸ்பத்திரிக்கு ஐந்து நிமிடம், குழாயில் நல்ல தண்ணீர், குளியலறைக்குள் வழுக்காத தரை. குறை சொல்ல ஒன்றுமில்லை.

அம்மா போகமாட்டேன் என்றார். சண்டையின் போது ஊரையே விட்டுப் போய், பிறகு திரும்பி வந்து, புல் முளைத்துக் கிடந்த வளவைத் துப்புரவாக்கிக் குடியேறியவர் அவர். இன்னொரு தரம் கட்டிலையும் அலுமாரியையும் லொறியில் ஏற்ற ஏலாது என்று ஒரே வசனத்தில் சொல்லிவிட்டு முருங்கைக்கீரை ஆயத் தொடங்கினார்.

நான் இருவருக்கும் நடுவில் நின்றேன். எனக்கு நகரில்தான் வேலை. புங்குடுதீவிலிருந்து பஸ்ஸில் போய்வருவேன். அண்ணாவிடம் சொன்னேன், வீடு வேண்டாம், கார் வாங்குவோம், நான் ஓட்டுகிறேன் என்று. பாதி நான் போடுவது, மீதி அவர். அண்ணா உடனே ஒப்புக்கொள்ளவில்லை. டயலிசிஸுக்கு அம்மா சாய்ந்திருக்கவேண்டிய கதிரை கிடைப்பது காலை ஆறு மணிக்கு. ஒரு நாள் தவறினால் உடம்பில் நீர் ஏறிவிடும். தீவிலிருந்து வரும் கடற்பாதையின் நடுவில் கார் நின்றால் என்ன செய்வாய் என்று கேட்டார். நிற்காத ஒரு காரை நான் தேர்ந்து காட்டவேண்டும், மாரி முடியும்வரை அந்த வாடகை வீட்டை அவர் மறித்து வைத்திருப்பார், அதற்குள் காட்டாவிட்டால் லொறி வரும். இதுதான் எங்கள் ஒப்பந்தம்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்தவள் நான் ஒருத்திதான். அப்பாவுக்குக் கையெழுத்து வைக்கத் தெரியும், அம்மா எழுத்துக்கூட்டி வாசிப்பார், அண்ணா பாதியில் புத்தகத்தை மூடிவிட்டு நாடு கடந்தவர். மருந்துத் துண்டு, வங்கிக் கடிதம், வெளிநாட்டிலிருந்து வரும் மெஷின்களின் குறிப்புப் புத்தகம் எல்லாம் எங்கள் ஒழுங்கையில், அந்தக் குறுந்தெரு முழுவதற்கும், என் கைக்குத்தான் வரும். கார் ஓட்ட அனுமதிப்பத்திரம் எடுத்ததும் எங்கள் வீட்டில் நான்தான் முதல். ஆகவே கார் பார்ப்பதும் என் வேலை என்பதில் எனக்கு எந்தச் சந்தேகமும் இருக்கவில்லை.

முதலில் பார்த்தது ஜப்பானிலிருந்து வந்த சின்னப் பெற்றோல் கார். பெற்றோல் கொஞ்சமாய்க் குடிக்கும், எங்கேயும் திருத்தலாம். ஆனால் சில்லு சிறிது, உடம்பு நிலத்தோடு ஒட்டியது. வேலணைக்கும் எங்களுக்கும் இடையில் கடலுக்குக் குறுக்கே போகும் தெருவின் குழிகளில் அது தவளைபோலக் குதித்தது. டயலிசிஸுக்காக அம்மாவின் இடது கையில் சத்திரசிகிச்சை செய்து இரத்தக்குழாயைத் தயார்ப்படுத்தியிருந்தார்கள். அந்தக் கையை மார்போடு அணைத்தபடி அவர் இருந்த இருப்பைக் கண்ணாடியில் பார்த்ததும் அந்தக் காரை விட்டுவிட்டேன்.

அடுத்தது எல்லோரும் வாங்கும் பழைய ஹைபிரிட். பெற்றோலில் ஓடும், ஓடும்போதே தன் பற்றரிக்குத் தானே மின் சேர்த்துக்கொள்ளும், பிளக் எதுவும் வேண்டாம். நகரில் பாதிப் பேர் அதைத்தான் வைத்திருக்கிறார்கள். நான் பார்த்தவை எல்லாம் வெளியே மினுக்கமாக இருந்தன. பற்றரியின் வயதைக் கேட்டால் மட்டும் விற்பவர்கள் வேறு திசையில் பார்த்தார்கள். ஒன்றின் அடிப்பாகத்தைக் குனிந்து பார்த்தேன். உப்புக்காற்றில் இரும்பு பொருக்கு விட்டிருந்தது. தீவில் ஓடிய வாகனம் என்று நான் சொல்ல, விற்றவர் இல்லை என்று மறுக்கவும் இல்லை.

மிஞ்சியவை இரண்டு. ஒன்று முழு மின்சாரக் கார். மற்றது பிளக்-இன் ஹைபிரிட், அதாவது வீட்டுச் சுவரில் செருகி மின் ஏற்றலாம், அது முடிந்தால் பெற்றோலில் ஓடும். அண்ணாவின் மனம் இரண்டாவதில் இருந்தது. இரண்டும் இருக்கிறது, ஒன்று கைவிட்டால் மற்றது என்பது அவருடைய கணக்கு. எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. எரிபொருளுக்கு நாட்கணக்கில் வரிசையில் நின்றவர்கள் நாங்கள். மின்சாரம் நாட்கணக்கில் இல்லாமல் இருந்தவர்களும் நாங்கள். இரண்டில் ஒன்றை மட்டும் நம்பியிராத ஒரு காரைக் குறை சொல்ல எங்களுக்கு என்ன இருக்கிறது?

எங்கள் அலுவலகத்து அக்கா ஒருவரிடம் ஒரு பிளக்-இன் ஹைபிரிட் இருந்தது. கொழும்புக்கு மாற்றலாகிப் போகவிருந்தவர், பிடித்தால் நீரே வாங்கிக்கொள்ளும், ஒரு கிழமை வைத்து ஓடிப்பாரும் என்று கார்த் திறப்பைத் தந்தார். வீட்டிலிருந்து ஆஸ்பத்திரிவரை பற்றரியிலேயே போயிற்று. திரும்பும் வழியில் மண்கும்பானுக்குக் கொஞ்சம் அப்பால் பற்றரி முடிந்து என்ஜின் எழும்பியது. இரவில் சுவரில் செருகினால் காலையில் நிறைந்திருந்தது. அப்பா காரைச் சுற்றிச் சுற்றி வந்து, போன் மாதிரித்தான் என்று தீர்ப்புச் சொன்னார்.

அந்தக் கிழமையில்தான் அது நடந்தது. அதைச் சொல்ல எங்கள் ஒழுங்கையின் வழக்கம் ஒன்றைச் சொல்லவேண்டும்.

ஊருக்கு மின்சாரம் திரும்பி வந்த காலத்தில், ஒரு மழைநாளில் இடி விழுந்து எங்கள் ஒழுங்கையில் மூன்று வீட்டு டீவி ஒரே நேரத்தில் எரிந்தது. அன்றிலிருந்து யாருடைய காதில் இடி முதலில் விழுகிறதோ அவர் வேலியோரம் வந்து, பிளக்கைக் கழட்டுங்கோ என்று குரல் கொடுக்கவேண்டும். அடுத்த வீடு அதற்கடுத்த வீட்டுக்குச் சொல்லும். குரல் ஒழுங்கையின் முடிவுவரை போய்விடும். எங்கள் பக்கத்தில் பாதி வீடுகளில் ஆளில்லை, சொந்தக்காரர் கனடாவிலும் பிரான்ஸிலும். அந்த வீடுகளின் திறப்புகள் பக்கத்து வீட்டு அக்காவின் இடுப்பில் கிடக்கும். குரல் கேட்டதும் அவர் மழைக்கு முன்னே ஓடி ஒவ்வொரு வீட்டையும் திறந்து குளிர்சாதனப்பெட்டி, தண்ணீர் மோட்டார் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு வருவார். ஆளிருக்கும் வீட்டில் ஆள் இல்லாத நேரமென்றால் அதற்கும் அவர்தான்.

டயலிசிஸுக்கு முதல்நாள் பின்னேரம், காரைச் சுவரில் செருகிவிட்டு நாங்கள் மூவரும் கோயிலுக்குப் போயிருந்தோம். பூசை முடியுமுன்னே வானம் கறுத்துவிட்டது. நனைந்துகொண்டு வீடு வந்தபோது ஊர் முழுக்க மின்சாரம் இல்லை. அது வந்ததும் காரும் தன்பாட்டில் ஏற்றிக்கொள்ளும் என்று நினைத்துப் படுத்துவிட்டேன்.

விடியற்காலை காரில் ஏறினால் பற்றரியின் அளவு அடியில் கிடந்தது. இறங்கிப் பார்த்தேன். பிளக் சுவரில் இல்லை. வயரை வடிவாகச் சுருட்டி, மழைத்தூறல் படாத இடத்தில் ஆணியில் கொழுவி, பிளக்கின் தலையில் ஒரு பொலித்தீன் பையும் கட்டியிருந்தது. அப்படி ஒரு கவனம் ஒழுங்கையில் ஒரேயொருவருக்குத்தான் உண்டு.

என்ஜின் எழும்பியது. பெற்றோலில் போனோம். ஆறு மணிக்கு முன்னரே அம்மா தன் கதிரையில் சாய்ந்துவிட்டார். ஆனால் வழியில் அல்லைப்பிட்டிக்குக் கிட்ட ஒரு தரம் நிறுத்தவேண்டியிருந்தது. என்ஜினின் அதிர்விலும் மணத்திலும் அவருக்கு வயிறு குமட்டியது. பற்றரியில் போன முதல் பயணத்தில் அவர் அந்த இடத்தில் நித்திரையில் இருந்தார்.

பின்னேரம் வீடு திரும்பியதும் பக்கத்து வீட்டு அக்கா வேலிக்கு மேலால் எட்டிப்பார்த்தார்.

"நான்தான் பிள்ளை கழட்டினனான். இடி அப்பிடி முழங்குது, நீங்கள் கோயில்ல. டீவி எரிஞ்சா நாடகம்தான் போகும். உது எரிஞ்சா அம்மாவை ஆர் தூக்கிக்கொண்டு போறது?"

"அது சரி அக்கா. பையும் கட்டியிருந்தீங்கள்."

"ஓம், புதுப் பை. திருப்பித் தா."

இனிக் கழற்றவேண்டாம் என்று அவரிடம் சொல் என்றார் அப்பா. நான் சொல்லவில்லை. மரியாதைக்காக மட்டும் அல்ல, சொல்வதில் பயனும் இல்லை. மாரியில் எங்கள் ஒழுங்கையில் இடி கேட்காத பின்னேரங்கள் குறைவு. நாங்கள் வீட்டில் இருந்தாலும் குரல் வந்தால் அப்பாவின் கை தானாகவே பிளக்குக்குப் போகும். என் கையும் போகும். நான் படித்த பௌதிகத்தின்படியும் அவர்கள் செய்வது சரியே.

அண்ணாவுக்கு விஷயம் எப்படியோ அன்றிரவே தெரிந்துவிட்டது. வென்றவரின் குரலில் பேசினார்.

"பாத்தியா? இதுக்குத்தான் நான் சொன்னனான். முழுக் கரண்ட் கார் எண்டால் இண்டைக்கு என்ன செய்திருப்பாய்? பெற்றோல் இருந்தபடியால் தப்பினியள். அந்தக் காரையே வாங்கு."

வீட்டிலும் ஒழுங்கையிலும் எல்லோரும் அப்படித்தான் நினைத்தார்கள். நான் அந்தக் காலையை வேறு விதமாகப் படித்தேன். பிளக்-இன் ஹைபிரிட்டின் பற்றரி சிறியது. ஒரு போய்வரலுக்கே அது முழுதாகப் போதாது. ஆகவே ஒவ்வொரு இரவும் அதற்குச் சுவர் வேண்டும். எங்கள் சுவரோ மாரி முழுக்க அதற்குக் கிடைக்காது. அப்படியென்றால் வருடத்தின் மூன்று நான்கு மாதங்கள் அது ஒரு பாரமான பெற்றோல் கார். தேவையில்லாத பற்றரியை வயிற்றில் சுமந்துகொண்டு, அம்மாவையும் குமட்டவைத்துக்கொண்டு ஓடும். பழுதுபட இரண்டு பொறி, உப்புப் பிடிக்க இரண்டு பொறி.

முழு மின்சாரக் காரின் பற்றரி பெரியது. அது வெறுமையாவதற்கு நாங்கள் பல தரம் போய்வரவேண்டும். அதற்குத் தினமும் சுவர் வேண்டாம், வெயில் எறித்த ஒரு பகல் போதும். அன்று அக்கா பிளக்கைக் கழற்றியிருந்தாலும் காலையில் நாங்கள் கவனிக்காமலே போயிருப்போம். வளவில் தண்ணீர்த் தொட்டி வைத்திருப்பவர்கள் நாங்கள். தண்ணீர்ப் பவுசர் வரும் நாளில் நிரப்பிவிட்டு வராத நாளைப் பற்றிக் கவலைப்படாமல் இருக்கத் தெரிந்தவர்கள். அந்தப் பழக்கம் எங்கள் வீட்டில் ஏற்கனவே இருக்கிறது. நான் புதிதாகக் கற்பிக்க ஒன்றுமில்லை.

திறப்பை அலுவலகத்து அக்காவிடம் திருப்பிக் கொடுத்தேன். அவருக்கு ஆச்சரியம், கொஞ்சம் கோபமும். நல்ல கார்தான் அக்கா, ஒவ்வொரு இரவும் செருகக்கூடிய வீட்டுக்கு என்று சொன்னேன். பிறகு நகரில் விற்பனைக்கு இருந்த ஒரு முழு மின்சாரக் காரை, நிலத்திலிருந்து உயரமானதாகப் பார்த்து, அம்மாவை ஏற்றிக்கொண்டு ஓடிப் பார்த்தேன். விற்பனையாளரை முன்னால் இருத்தி, அவர் எதிர்பாராத விதமாகப் நகரிலிருந்து தீவுக்குப் போகும் பண்ணைத் தெருவால் இறங்கி வேலணை தாண்டிக் குழிகளுக்கே கூட்டிப்போனேன். அவர் கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, மேடம் நல்லா ஓடுறா என்று மட்டும் சொன்னார். அம்மா பின்னால் கையை மடியில் வைத்தபடி இருந்தார். மார்போடு அணைக்கவில்லை. புங்குடுதீவுக் கரை தெரிந்தபோது, இதில வயித்தைப் பிரட்டேல்லை என்றார்.

அன்றிரவு அண்ணாவை வீடியோவில் எடுத்தேன். என் கணக்கை முழுவதும் சொன்னேன். அவர் குறுக்கிடாமல் கேட்டார். படித்தவள் பேசும்போது குறுக்கிடக்கூடாது என்று அவராகவே ஒரு விதி வைத்திருக்கிறார், அதை நான் தேவைப்படும்போதெல்லாம் பயன்படுத்திக்கொள்வேன். முடிந்ததும் ஒரேயொரு கேள்வி கேட்டார்.

"புயல் அடிச்சு ஒரு கிழமை கரண்ட் இல்லாட்டி?"

"நிரம்பியிருந்தா அந்தக் கிழமையின்ரை ரெண்டு பயணத்துக்கும் காணும், அண்ணா. பாதிக்குக் கீழ போக விடமாட்டன். அம்மா கதிரையில இருக்கிற நேரம் ஆஸ்பத்திரிக்குக் கிட்ட ரவுணிலயும் கரண்ட் ஏத்தலாம்."

"அதுக்கும் மிஞ்சினா?"

"அதுக்கும் மிஞ்சின புயல் எண்டால் கடற்பாதையே தண்ணிக்குள்ள. பெற்றோல் காரும் போகாது, ஹைபிரிட்டும் போகாது. அப்பிடி அறிவிப்பு வந்தா முதல்நாளே அம்மாவை ரவுணில இருக்கிற சின்னம்மா வீட்டை கொண்டுபோய் விட்டுடுவன். ரெண்டு நாளைக்கு உடுப்புப் பை காணும், லொறி தேவையில்லை."

இதுவரை எனக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்த அம்மா, என் கையிலிருந்து தொலைபேசியை வாங்கினார். திரையில் முகத்தின் பாதிதான் தெரிந்தது. அதைச் சரிசெய்ய நான் போனபோது கையைத் தட்டிவிட்டார்.

"தம்பி, அந்த வீட்டுக்காரர் பாவம், சும்மா வைச்சிருக்கிறார். நாங்கள் வரேல்லை எண்டு நாளைக்கே சொல்லிவிடு. வேற ஆருக்கும் குடுக்கட்டும்."

ஓம் அம்மா என்றார் அண்ணா. பிறகு, என்னைப் பார்க்கவேண்டும் என்று தொலைபேசியைத் திருப்பச் சொன்னார்.

"சரி, சொல்லு. என்ன நிறம்?"