அரை இன்ச் மாஸ்டரின் இடுப்பு

என் அக்கா புருஷனை எங்கள் தெருவில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. அரை இன்ச் மாஸ்டர் என்றால்தான் தெரியும். புதுத்துணி தைக்க மாட்டார், ஆல்டரேஷன் மட்டும். பேண்ட் இடுப்பில் இறுக்கினால் பிரித்துவிடுவார், தொளதொளவென்று இருந்தால் பிடித்துத் தைப்பார். வருகிறவர் ரெண்டு இன்ச் குறைக்கணும் என்பார். மாமா டேப்பைப் போட்டுப் பார்த்துவிட்டு, "அரை இன்ச் போதும் சார், மீதி உங்க மனசுல இருக்கு" என்பார். பெல்ட் மட்டும் அவருக்கு ஆகவே ஆகாது. பெல்ட் போடுகிறவன் டெய்லரை நம்பாதவன் என்பது அவர் கட்சி.

இரண்டு அலுவலகக் கட்டிடங்களுக்கு நடுவே இடுங்கிய கடை. முன்னால் மாமாவின் மெஷின், பின்னால் அக்காவின் மெஷின், இடையில் ஒருக்களித்துப் போகத்தான் இடம். எதிரே இருக்கிற ஜெராக்ஸ் கடை என்னுடையது. அதனால் அவர்கள் வீட்டில் நடப்பது பாதி எனக்குத் தெரியும். மீதியை அக்கா வந்து புலம்புவாள்.

மாமாவுக்குக் கல்லீரலில் வைரஸ். ஹெபடைட்டிஸ் பி. பிரசவத்தின்போது அம்மாவிடமிருந்து வந்திருக்கும் என்றார்கள். அவருடைய அண்ணனுக்கும் அதே வைரஸ்தான். அந்த மனுஷன் எந்த டாக்டரையும் எட்டிப் பார்க்காமல் கடைசியில் கல்லீரல் புற்றுநோயில் போய்ச் சேர்ந்தார். அந்த வருஷம் முழுக்க அண்ணனின் பேண்ட்டை மாதாமாதம் பிடித்துக் கொடுத்தது மாமாதான். பக்கத்தில் நின்று துணியைப் பிடித்துக்கொண்டிருந்தது அக்கா. இடுப்பு குறைந்தால் ஆள் போகப் போகிறார் என்ற பாடத்தை அக்கா அந்த மெஷினடியில்தான் படித்தாள். இளைக்கிறவர்கள் எல்லாரும் சாவதில்லை என்ற இன்னொரு பாடத்தை அவள் மண்டையில் ஏற்ற யாராலும் முடியவில்லை.

அதற்குப் பிறகு மாமாவை விழுந்து விழுந்து கவனித்தாள். தினமும் மாத்திரை, ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேன், ரத்தப் பரிசோதனை. கூடவே சாப்பாடு, சாப்பாட்டுக்கு மேல் சாப்பாடு. வருஷம் ஒருமுறை மாமாவின் பேண்ட்டைப் பிரித்துவிடும்போது அவள் முகத்தைப் பார்க்கணுமே! ஏதோ பதவி உயர்வு வந்த மாதிரி இருக்கும். "உங்க மாமா தேறிட்டாருடா" என்று என் கடை வரைக்கும் வந்து சொல்லிவிட்டுப் போவாள்.

அப்படித் தேறிக்கொண்டே போனவருக்குத்தான் ஒருநாள் ஸ்கேனில் கொழுப்புக் கல்லீரல் என்று வந்தது. கேள்விப்பட்ட அத்தனை பேரும் கேட்ட முதல் கேள்வி, "மாஸ்டர் தண்ணி போடுவாரா?" எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. இருமல் மருந்தை வாசம் பிடித்துவிட்டுக் குடிக்காமல் கீழே வைக்கிற ஆள் அவர். குடிக்காதவனுக்கும் கொழுப்பு சேரும் ஐயா, கொஞ்சம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

வழக்கமாகப் பார்க்கிற டாக்டரம்மா சின்னப் பெண். படபடவென்று பேசினாள். "வைரஸ் ஒரு பக்கம், கொழுப்பு ஒரு பக்கம், இப்ப சுகர் வேற எட்டிப் பாக்குது. எல்லாம் சேந்தா கேன்சர் வர்ற வாய்ப்பு கூடும். எடையைக் குறைங்க சார்." அடுத்த முறை அவள் விடுப்பில் போயிருந்தாள். அவள் நாற்காலியில் நரைத்த தலை டாக்டர் ஒருவர். அவர் சாவகாசமாகச் சொன்னார். "கொழுப்பு இருக்கறவங்களுக்கு இந்த வைரஸ் கொஞ்சம் அடங்கி இருக்குதுன்னு சில ஆராய்ச்சி சொல்லுதும்மா. கேன்சர் கம்மின்னுகூடச் சிலது சொல்லுது. சிலது நேர்மாறாச் சொல்லுது. இன்னும் முடிவாத் தெரியல. எப்படியும் எடையைக் குறைக்கறதுதான் நல்லது. மாத்திரையையும் ஸ்கேனையும் மட்டும் விட்டுடாதீங்க."

இத்தனை வாக்கியத்தில் அக்கா காதில் விழுந்தது முதல் இரண்டுதான். கொழுப்பு இருந்தால் வைரஸ் அடங்கும்.

"அப்ப இளைக்கணுமா, இளைக்கக் கூடாதா?" என்று ஆஸ்பத்திரிப் படியிலேயே என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"அவரும் இளைக்கத்தானேக்கா சொன்னாரு?"

"அடங்கி இருக்குதுன்னாரே, அது என்ன?"

எனக்கு என்ன தெரியும்? நான் ஜெராக்ஸ் எடுக்கிறவன். மாமா மட்டும் தெளிவாக இருந்தார். சின்ன டாக்டரம்மா சொன்னதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். காலையில் நடை, பொரித்தது கிடையாது, இனிப்பு கிடையாது. எடை பார்க்கிற மெஷின் வாங்கலாம் என்றேன். "எனக்கு எதுக்குடா அது மாப்ளே? என் பேண்ட் சொல்லும்" என்று அடித்துச் சொல்லிவிட்டார்.

பேண்ட் சொல்லவில்லை. சொல்லவிடாமல் செய்தவள் என் அக்கா. இது எனக்குப் பிறகுதான் தெரிந்தது, ஆனால் இங்கேயே சொல்லிவிடுகிறேன். மாமாவுக்கு இடுப்பு குறைய ஆரம்பித்ததும் அவளுக்குப் பயம் பிடித்திருக்கிறது. அண்ணன் ஞாபகம். தனக்கே இப்படி என்றால் அந்த மனுஷனுக்கு எப்படி இருக்கும், பேண்ட் லூஸானதைப் பார்த்தாலே பாதி செத்துவிடுவாரே என்று நினைத்திருக்கிறாள். துவைத்து உலர்ந்த பேண்ட்டை இஸ்திரிக்கு எடுக்கும்போது, பின்பக்க நடுத்தையலில் துளி பிடித்திருக்கிறாள். அதே நிற நூல், அதே தையல் அளவு. இப்படி மூன்று பேண்ட்டிலும், திரும்பத் திரும்ப. வருகிறவன் போகிறவன் தையலையெல்லாம் திருப்பிப் பார்க்கிற மாஸ்டர், தன் தையலைத் திருப்பிப் பார்க்கவே இல்லை.

அவர் கணக்கு வேறு மாதிரி ஓடியது. இவ்வளவு நடந்தும் இடுப்பு அசையவில்லை, அப்படியானால் போதவில்லை. சாயங்காலமும் நடந்தார். ராத்திரிச் சாப்பாட்டை நிறுத்தினார். மதியச் சாப்பாடு கைப்பிடி அளவுக்கு வந்தது. கன்னம் ஒட்டிப்போச்சு மாமா என்று நான் சொன்னால் சிரிப்பார். "நீ வேற மாப்ளே, இங்க பாரு" என்று இடுப்புப் பட்டிக்குள் விரலை விட்டுக் காட்டுவார். ஒரு விரல் நுழையத்தான் இடம் இருக்கும். பின்னால் அக்காவின் மெஷின் கடகடவென்று ஓடிக்கொண்டே இருக்கும். அவள் தலை நிமிராது.

ஒருநாள் மதியம் மெஷினிலிருந்து எழுந்தவர் அப்படியே துணிக் குவியலின் மேல் சரிந்துவிட்டார்.

ஆஸ்பத்திரிக்கு மூன்று பேரும் போனோம். சின்ன டாக்டரம்மா எடையைப் பார்த்தாள், பழைய எடையைப் பார்த்தாள், மறுபடியும் மெஷினில் ஏறச் சொன்னாள்.

"பதினாலு கிலோ குறைஞ்சிருக்கு சார்!"

"இருக்காதும்மா" என்றார் மாமா. "இடுப்பு அரை இன்ச்கூடக் குறையல. அதே பேண்ட்தான் போட்டிருக்கேன்."

டாக்டரம்மாவின் முகம் மாறியது. "உங்களை மாதிரி உள்ளவங்களுக்கு இவ்வளவு எடை போனா நான் சும்மா விட முடியாது. இடுப்பு வேற குறையலன்னா வயித்துல தண்ணி சேருதான்னும் பாக்கணும்."

அக்கா நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டாள். "தண்ணியெல்லாம் இல்லம்மா. நான்தான் பிடிச்சேன்."

"எதைப் பிடிச்சீங்க?"

"பேண்ட்டை. அவருக்குத் தெரியாம. கொஞ்சம் கொஞ்சமா."

டாக்டரம்மா என்னைப் பார்த்தாள். நான் மாமாவைப் பார்த்தேன். மாமா இடுப்பைத் தடவி, கையைப் பின்னால் கொண்டுபோய், அந்த நடுத்தையலை விரலால் தேடினார். தேடிக் கண்டுபிடித்ததும் முகம் வெளுத்துவிட்டது. சிரிப்பதா அழுவதா என்று எனக்குத் தெரியவில்லை. சத்தியமாக இன்றுவரை தெரியவில்லை.

"பட்டினி கிடந்ததால இளைச்சிருக்கலாம். வேற காரணமும் இருக்கலாம். பாத்துடுவோம்" என்று டாக்டரம்மா வயிற்றுக்கு சி.டி. ஸ்கேன் எழுதினாள். அதில் தெரிந்தது, கல்லீரலின் வலப்பக்க ஓரத்தில் ஒரு சின்னப் புள்ளி. அதன் பிறகு எடுத்த பரிசோதனைகள் அது புற்றுநோய்தான் என்று உறுதி செய்தன.

அக்கா அழவில்லை. என் சட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான்தான் கத்தினேன். ஆறு மாதத்துக்கு ஒருமுறை தவறாமல் வந்தோமே, அப்போதெல்லாம் என்ன பார்த்தீர்கள் என்று கத்தினேன். டாக்டரம்மா கோபித்துக்கொள்ளவில்லை. "கொழுப்பு நிறைய இருந்தா சாதாரண ஸ்கேன்ல படம் மங்கலாத்தான் வரும். இவ்வளவு சின்னது அதுல தப்பிச்சுடலாம். இப்ப சி.டி. எடுத்ததால சீக்கிரமே மாட்டிக்கிச்சு. கல்லீரலுக்குள்ள ஊசி வெச்சு அந்தப் புள்ளியைச் சுட்டு அழிச்சுடலாம். ஆனா இதனாலதான் இளைச்சாருன்னு நினைக்காதீங்க. இந்த அளவுக்கு ஆளை இளைக்க வைக்காது இது."

நான் மறுபடி மறுபடி கணக்குப் போட்டுப் பார்த்தேன். கொழுப்பு வைரஸை அடக்கியதா, அல்லது இந்தப் புள்ளியை வளரவிட்டதா? தெரியாது. அந்தக் கொழுப்பு புள்ளியை மறைத்ததா? மறைத்திருக்கலாம். அக்கா பேண்ட்டைப் பிடிக்காமல் இருந்திருந்தால் மாமா இடுப்பு குறைந்ததைப் பார்த்து, போதும் என்று அளவோடு நிறுத்தியிருப்பார். மயங்கி விழுந்திருக்க மாட்டார். சி.டி. எடுத்திருக்க மாட்டார்கள். புள்ளி சத்தமில்லாமல் வளர்ந்திருக்கும். அப்படியானால் அவள் செய்தது நல்லதா? பட்டினி போட்டு ஆளைச் சாய்த்தது நல்லதா? நரைத்த தலை டாக்டரிடமே கேட்டுவிட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, "அதிர்ஷ்டம்னு வெச்சுக்கங்க தம்பி" என்றார். படித்தவருக்கே அவ்வளவுதான் என்றால் நான் எந்த மூலைக்கு.

ஊசி வைத்துச் சுட்டு அழித்தார்கள். நல்லபடியாக முடிந்தது. இனியும் மாத்திரை, இனியும் ஸ்கேன், முன்னைவிட அடிக்கடி. திரும்ப வராது என்று யாரும் கையெழுத்துப் போட்டுத் தரவில்லை.

மறுநாள் வார்டில் மாமா சாய்ந்து உட்கார்ந்திருந்தார். பேண்ட் விஷயம் வெளியே வந்த நாளிலிருந்து அவர் அக்காவிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அக்கா கட்டில் ஓரத்தில், திட்டு வாங்கத் தயாராக உட்கார்ந்திருந்தாள். நான் நைசாக வெளியே போகப் பார்த்தேன்.

"இரு மாப்ளே. நீயும் கேளு" என்றார். பிறகு அக்காவைப் பார்த்தார். "எத்தனை தடவை பிடிச்ச?"

"ஞாபகம் இல்லீங்க."

"ஒவ்வொரு தடவையும் நான் சாகப் போறேன்னு நினைச்சுட்டுத்தானே பிடிச்ச?"

அக்கா தலையை ஆட்டினாள்.

"பின்னாடி மெஷின்ல உக்காந்து நீ ஒத்தையா பயந்துட்டு இருந்திருக்க. இடுப்பு குறையலையேன்னு முன்னாடி மெஷின்ல நான் ஒத்தையா பயந்துட்டு இருந்திருக்கேன். அடிப்பாவி, கை நீட்டினா தொடற தூரம். சொல்லியிருந்தா ரெண்டு பேரும் சேந்து பயந்திருக்கலாமேடி."