மஞ்சள் கோட்டில் கை மாறியது

கட்டுக்கதை என்று நினைப்பவர்கள் இப்போதே எழுந்து போய்விடலாம். இது நடந்தது. என் அண்ணிக்கு நடந்தது. அதுவும் நடுச்சாமத்தில் இல்லை. பட்டப்பகலில், கால் வைக்க இடமில்லாத கூட்டத்துக்கு நடுவில். 'அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்' என்று ஊர் முழுக்கக் கேலி பேசியவள் நான். இப்போது வாயை மூடிக்கொண்டேன்.

அண்ணிக்கு விமான நிலையத்தில் வேலை. நடக்க முடியாத பயணிகளை வீல்சேரில் உட்கார வைத்துத் தள்ளிக்கொண்டு போய்ச் சேர்க்க வேண்டும். அங்கே இரண்டு டெர்மினல்கள். ஒரே ஆள் முழுத் தூரமும் தள்ளினால் இடுப்பு ஒடிந்துவிடும். அதனால் இரண்டையும் இணைக்கும் நீண்ட நடைக்கூடத்தின் நடுவில், தரையில் ஒரு மஞ்சள் கோடு போட்டிருக்கிறார்கள். அங்கே ஆள் மாறுவார்கள்.

மாறுவதற்கு ஒரு முறை உண்டு. கொடுப்பவர் சட்டென்று கையை எடுத்துவிடக் கூடாது. வாங்குபவர் கைப்பிடியில் தன் கையையும் வைத்து, 'வாங்கிட்டேன்' என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அதன் பிறகுதான் முதல் ஆள் விலகலாம். சொல்லிவிட்டால் அந்தப் பயணி உங்கள் பொறுப்பு. இன்னொருவர் அதே வார்த்தையைச் சொல்லும் வரை விட முடியாது.

"எங்க அம்மாகிட்டேருந்து என்னையும் இப்படித்தான் வாங்கினா. இன்னும் விடல" என்று அண்ணன் கிண்டல் செய்வான். அண்ணியும் சிரிப்பாள். அப்போதெல்லாம் சிரிப்பாள்.

அன்று அண்ணியின் அம்மா வருவதாக இருந்தது. நான் அவரை அத்தை என்று கூப்பிடுவேன். கணவர் இறந்த பிறகு தனியாக இருந்த மனுஷி. முதல் விமானப் பயணம். பாஷை தெரியாது, முட்டிவலி வேறு. போனில் ஒரே கேள்விதான்: "இறங்கின இடத்துல என்னை யாரும் கவனிக்காம விட்டுட்டாங்கன்னா?"

"விமானத்து வாசல்லயே நிப்பேம்மா. நீ முதல்ல பாக்குறது என் மூஞ்சியாத்தான் இருக்கும்" என்று அண்ணி சத்தியம் செய்திருந்தாள்.

விமானம் மூன்று பத்துக்கு. இரண்டே முக்காலுக்கு அண்ணி நடைக்கூடத்தில் வெறுங்கையோடு ஓட்டமும் நடையுமாகப் போய்க்கொண்டிருந்தாள். ஒரு வீல்சேரை எடுத்துக்கொண்டு அம்மா இறங்கும் கேட்டுக்குப் போக வேண்டும். மனசெல்லாம் அங்கேதான்.

மஞ்சள் கோட்டில் ஒருவர் நின்றுகொண்டிருந்தார். நரைத்த தலை. முன்னால் வீல்சேர். அதில் யாரோ போர்வை போர்த்தி, தலை குனிந்து உட்கார்ந்திருந்தார்கள்.

"வாங்கிக்கிறீங்களா?" என்றார் அவர்.

போகிற வழிதானே, அந்தப் பக்கம் இருக்கும் உதவி மேசையில் ஒப்படைத்துவிட்டுப் போகலாம் என்று அண்ணி நினைத்தாள். கண் முழுக்க மேலே தொங்கிய விமான நேரப் பலகையில். கையை மட்டும் கைப்பிடியில் வைத்தாள்.

"வாங்கிட்டேன்."

பக்கத்தில் ஒரு பெருமூச்சு கேட்டது. பல வருஷப் பாரத்தை இறக்கி வைத்தவர் விடுகிற மூச்சு அது. திரும்பிப் பார்த்தாள். கூட்டம்தான் இருந்தது. அவரைக் காணோம். அப்போதுதான் அண்ணிக்கு உறைத்தது. அந்த மனிதர் போட்டிருந்தது பச்சைச் சட்டை. இங்கே எல்லாருக்கும் நீலம்.

அவசரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள். அண்ணி அதையும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. "சார், உங்களுக்கு எந்த கேட்?" என்று கேட்டபடியே தள்ளினாள்.

வண்டி கனத்தது. அப்படி ஒரு கனம்.

கைப்பிடி ஜில்லென்று இருந்தது. போர்வைக்கு வெளியே இரண்டு பாதங்கள் தெரிந்தன. ஒன்றில் காலுறை. மற்றது வெறுங்கால். இளவயதுக் கால்தான். நகமெல்லாம் நீலம்...

தானியங்கிக் கதவு. எத்தனையோ வருஷமாக அண்ணியைக் கண்டதும் திறக்கிற கதவு அது. அன்று திறக்கவில்லை. எதிரிலிருந்து ஒரு குடும்பம் வந்ததும் திறந்தது. அந்த இடைவெளியில் நுழைந்தாள்.

அடுத்து லிஃப்ட். பதினாறு பேர் போகக்கூடியது. உள்ளே அண்ணியும் வீல்சேரும்தான். கதவு மூடவில்லை. பீப்... பீப்... பீப்...

"எடை அதிகம். சிலர் வெளியேறவும்" என்றது ஒலிபெருக்கி.

அண்ணி சாய்தளம் வழியாகவே வண்டியைத் தள்ளினாள். வியர்வை வழிந்தது, ஆனால் விரல்கள் விறைத்துப்போயிருந்தன. பாதி வழியில் போர்வைக்குள்ளிருந்து குரல் வந்தது. மெல்லிய, ரொம்ப மரியாதையான குரல்.

"வந்துட்டாங்களா?"

"யாரு சார்?"

"என்னை வாங்கிக்க வர்றேன்னவங்க..."

உதவி மேசையில் அண்ணியின் தோழி இருந்தாள். ஓயாமல் பேசுவதால் அவளுக்கு 'ரேடியோ' என்று பெயர். அவளைப் பார்த்ததும் அண்ணிக்குப் போன உயிர் வந்தது.

"என்னக்கா, காலி வண்டிய இப்படி மூச்சு வாங்கத் தள்ளிக்கிட்டு வர்றீங்க?"

அண்ணி குனிந்து பார்த்தாள். போர்வை இருந்தது. பாதமும் இருந்தது.

"விளையாடாத. எனக்கு அம்மா ஃப்ளைட் வந்துடும். இவரை வாங்கிக்கோ."

"யாரை?"

"வாங்கிட்டேன்னு சொல்லேன்டி!"

ரேடியோ அண்ணியின் முகத்தைப் பார்த்தாள். "காலி வண்டிக்கு எதுக்குக்கா அதெல்லாம்? ஓரமா நிறுத்திட்டுப் போங்க" என்றாள், ஓரடி பின்வாங்கியபடி.

அண்ணி ஓரமாக நிறுத்தினாள். இரண்டு சக்கரத்துக்கும் பிரேக் போட்டாள். கையை எடுத்தாள்.

நடந்தாள்.

கீ...ச்.

நின்றாள். சத்தமும் நின்றது.

மறுபடி நடந்தாள்.

கீ...ச்... கீ...ச்...

பிரேக் போட்ட சக்கரம் தரையைத் தேய்க்கிற சத்தம். முதுகுக்குப் பின்னால், ஒரு கை தூரத்தில்.

"நீங்களும் விட்டுட்டுப் போறீங்களா?"

அண்ணி திரும்பினாள். பிரேக்கை எடுத்துவிட்டுக் கைப்பிடியைப் பிடித்தாள். வேறு வழி தெரியவில்லை. அம்மாவை நோக்கித் தள்ளினாள்.

கேட்டை அடைந்தபோது பயணிகள் எல்லாரும் போயிருந்தார்கள். விமானத்து வாசலில் அத்தை மட்டும் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றிருந்தார். மகளைக் கண்டதும் முகம் மலர்ந்தது.

"வந்துட்டியாடி! பயந்தே போயிட்டேன்..."

அத்தையின் பார்வை வீல்சேருக்குப் போனது.

"யாருடி இந்தப் பையன்? ஐயோ பாவம், இப்படி நடுங்குறானே."

தன் சால்வையைக் கழற்றினார். நாற்காலியில் போர்த்தினார். ஓரங்களைச் செருகிவிட்டார். குழந்தைக்குச் செய்கிற மாதிரி.

"அம்மா... தொடாத..." என்று சொல்ல அண்ணி வாயைத் திறந்தாள். சத்தம் வரவில்லை. காற்றுதான் வந்தது.

"நீ ஏன் பேயறைஞ்ச மாதிரி நிக்கிறே? கையெல்லாம் ஐஸா இருக்கு. நகரு, நான் பிடிச்சுக்கறேன். எனக்கும் ஊன்றிக்கிட்டு நடந்தா முட்டிக்கு நல்லது."

அத்தையின் கை கைப்பிடியில், அண்ணியின் கைக்குப் பக்கத்தில் வந்தது.

நான்கு கை.

"விடுடி. அதான் நான் வாங்கிட்டேன்ல?"

அண்ணியின் விரல்கள் தாமாகவே விரிந்தன.

கனம் போனது. குளிர் போனது. அண்ணி பார்த்தபோது நாற்காலியில் யாரும் இல்லை. போர்வை இல்லை. அத்தையின் சால்வையும் இல்லை. அத்தை மட்டும் கொஞ்சம் முன்னால் குனிந்து, அந்த வண்டியை மூச்சு வாங்கத் தள்ளிக்கொண்டு போனார்.

வீட்டுக்கு வந்ததும் அண்ணி எல்லாவற்றையும் சொன்னாள். களைப்பில் ஏதோ பிரமை என்றேன் நான். ஒரு வாரம் கழித்து ரேடியோ வீட்டுக்கு வந்தாள். அண்ணி பச்சைச் சட்டையைப் பற்றிக் கேட்டாள்.

"பச்சை எல்லாம் நம்ம காலத்துக்கு முன்னாடிக்கா. நான் சீனியருங்க சொல்லித்தான் கேட்டிருக்கேன். அந்த இடத்துல அப்போ மஞ்சள் கோடே கிடையாது. ஒருத்தர், ஆபரேஷன் ஆன ஒரு சின்னப் பையனைத் தள்ளிட்டு வந்திருக்காரு. தனியா வந்த பையன். வேலை நேரம் முடிஞ்சிருச்சு. 'இங்கேயே இருப்பா, அடுத்த ஆள் வந்து வாங்கிக்குவாரு'ன்னு சொல்லி விட்டுட்டு வீட்டுக்குப் போயிட்டாரு. அடுத்த ஆளுக்கு யாரும் சொல்லவே இல்ல. எத்தனையோ ஆயிரம் பேரு அவனைத் தாண்டிப் போயிருக்காங்க. தூங்குறான்னு நினைச்சிருக்காங்க. மறுநாள் கூட்டுறவங்கதான் தொட்டுப் பார்த்தாங்களாம்."

"அந்தப் பச்சைச் சட்டைக்காரரு?"

"அந்த வருஷமே போய்ச் சேர்ந்துட்டாரு. அதுக்கப்புறம்தான்க்கா நமக்கு இந்தச் சட்டம். நாலு கை. வாயால சொல்லணும்."

அண்ணி வேலையை விட்டுவிட்டாள். அம்மாவின் முகத்தை நேராகப் பார்ப்பதில்லை. நானாவது தைரியமாக இருக்க வேண்டும் என்று அத்தையை என் அறையிலேயே வைத்துக்கொண்டேன்.

அத்தை நல்லபடியாகத்தான் இருக்கிறார். சாப்பிடுகிறார், பேசுகிறார், என்னைக் கிண்டலும் செய்கிறார். ஆனால் இரண்டு கையும் எப்போதும் முன்னால், எதையோ பற்றிய மாதிரி மடங்கியே இருக்கின்றன. சாப்பிடும்போது ஒன்றை மட்டும் எடுக்கிறார். கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு வீல்சேர் நிற்கும் அளவுக்கு இடம் விட்டுத்தான் படுக்கிறார். "வந்துடுவாங்கப்பா, கொஞ்சம் பொறு" என்று அடிக்கடி யாருக்கோ ஆறுதல் சொல்கிறார்.

இன்று காலை, நல்ல வெயில். ஜன்னலோரம் துணி மடித்துக்கொண்டிருந்தேன். அத்தை என்னைக் கூப்பிட்டார். முகமெல்லாம் களைப்பு.

"எனக்குக் கை ரொம்ப வலிக்குதும்மா. கொஞ்ச நேரம் நீ வாங்கிக்கிறியா?"

நான் இன்னும் பதில் சொல்லவில்லை.

கீ...ச்.