எலோடியின் முழங்காலுக்கு ஒரு நேர்த்திக்கடன்

1999 ஒக்டோபர், ஒரு சனிக்கிழமை மத்தியானம் இத்தாலியின் சிசிலித் தீவில், பலெர்மோவின் மத்திய ரயில் நிலையமான ஸ்தாசியோனே சென்ட்ராலேயில் இறங்கினோம். பிரான்ஸின் சவோய் மலைகளிலிருந்து ஒரு பகலும் ஓர் இரவும் பயணம். மெசினா நீரிணையைக் கடக்க ரயிலையே துண்டு துண்டாகக் கழற்றிக் கப்பலுக்குள் ஏற்றினார்கள். எலோடி எட்டியெட்டிப் பார்த்தாள். நான் இடுப்பு நோவில் முனகிக்கொண்டு கிடந்தேன்.

எலோடி, நான் சமையல் செய்யும் ஹோட்டலின் சொந்தக்காரர் மகள். பத்தொன்பது வயதில் பிரெஞ்சு அணிக்காகப் பனிச்சறுக்கினாள். தனியாளாகக் கடிகாரத்தோடு மோதும் போட்டி. விழுந்து முழங்கால் சவ்வு அறுந்ததும் அணி கைவிட்டது. பிறகு ஸ்கி கிராஸ் என்ற புதுப்போட்டி வந்தது. நாலு பேர் ஒரே வாசலில் நின்று ஒன்றாகப் பாய்ந்து, மேடும் வளைவும் தாண்டி, இடிபட்டு இறங்க வேண்டும். இந்தச் சண்டைக்காரிக்கென்றே செய்த விளையாட்டு! முதல் குளிர்காலமே இரண்டாவதாக வந்தாள். அடுத்த குளிர்காலம் அதே முழங்கால் மறுபடி போனது. இப்போது கால் சுகமாகிவிட்டது, இனிப் பனியில் இறங்குவதா இல்லையா, நீயே முடிவுசெய் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

பலெர்மோவுக்கு வரக் காரணம் என் அக்கா. ஏழு வருடமாக நான் காணாத அக்கா. தொலைபேசியில் எலோடியின் கதையைச் சொல்லித் தொலைத்தேன். முகம் தெரியாத பிள்ளைக்காக நேர்த்தி வைத்துவிட்டார்: கால் சுகமானால் அவளையும் கூட்டிக்கொண்டு வெறுங்காலோடு சாந்தா ரொசாலியாவின் மலை ஏறுவதாக. இந்த ஊர்த் தமிழருக்கு அந்தக் கத்தோலிக்கப் புனிதையும் அம்மன்தான். எலோடி சிரிப்பாள் என்று நினைத்தேன். "எப்போது போகலாம்?" என்றாள்.

அக்காவின் வீடு சீசா என்ற பகுதியில், மூன்றாம் மாடி. கதவைத் திறந்த அக்கா என்னை விட்டுவிட்டு எலோடியின் முழங்காலைத்தான் பார்த்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"என்னடா, எலும்பும் தோலுமா நிக்கிறாள் பிள்ளை! சாப்பாடு குடுக்கிறேல்லையே?"

"நான்தான் அக்கா சமைக்கிறன்."

"அதுதானே பார்த்தன்."

ஞாயிறு காலை ஆறரைக்கு பஸ் பிடித்தோம், ஆளுக்கு ஆயிரத்து ஐந்நூறு லீரா. மலையடியிலிருந்து கல் பாவிய பழைய பாதை, ஏறக்குறைய நான்கு கிலோமீட்டர். செருப்பைக் கழற்றினோம். முன்னும் பின்னும் தமிழ்க் குடும்பங்கள், இத்தாலியனில் சண்டைபிடிக்கும் பிள்ளைகள். பாதிவழியில் கடல் தெரிந்தது. எலோடியோ சரிவையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"வாசல் திறப்பதற்கு முன் பக்கத்தில் நிற்பவளின் மூச்சு கேட்கும்," என்றாள். "பரிசு வேண்டாம். அங்கே திரும்ப நிற்க வேண்டும்." விம்மி அழுதாள். அக்கா தன் சேலைத் தலைப்பால் அவள் முகத்தைத் துடைத்துவிட்டார்.

மேலே குகைக்கோயிலில் மெழுகுதிரி ஏற்றியதும், "அக்கா எனக்காக என்ன கேட்டார்?" என்றாள் எலோடி. அக்காவிடம் கேட்டேன்.

"கால் சுகமாகோணும், பிள்ளை இனி அந்தப் பனிப்பக்கமே போகக்கூடாது எண்டுதான் நேர்த்தி வைக்கேக்க கேட்டனான்."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஐயோ, இதைக் கேட்கவா ஏறி வந்தோம்! எங்கள் ஆட்கள் இப்படித்தான். உனக்கு என்ன வேண்டும் என்று ஆளைக் கேட்கமாட்டோம், கடவுளோடு பேசி முடித்துவிடுவோம். அக்கா சொன்னதைப் பிரெஞ்சில் அப்படியே சொன்னேன். எலோடியின் முகம் வெளிறியது.

"நான் போகத்தான் போகிறேன் என்று சொல். பயமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் போவேன்."

சொன்னேன். "வச்ச நேர்த்தியைத் திருப்பி எடுக்கேலாதே," என்று அக்கா முணுமுணுத்தார். "வழியில அழுதது இதுக்கே?"

"ஓம் அக்கா."

அக்கா எங்களை வெளியே நிற்கச் சொல்லிவிட்டுத் திரும்பக் குகைக்குள் போனார். வந்தபோது கண் சிவந்திருந்தது. எங்களுக்கு முன்னே மலை இறங்கினார்.

மறுநாள் ஸ்டேஷன். சவோயில் எங்களை வழியனுப்ப ஒரு குருவியும் வராது. இங்கே அக்கா, தான் வேலைசெய்யும் வீட்டுச் சிஞ்ஞோராவிடம் லீவு கேட்டு, இடியப்பப் பொதியோடு வந்து நின்றார். ரயில் ஜன்னலால் கேட்டேன்.

"உள்ள போய் என்ன சொன்னனீங்கள்?"

"கேட்டது பிழையெண்டு சொன்னன். அவள் போட்டியில ஓடுற ஒவ்வொரு நாளும் நான் வெறுங்காலோட மலை ஏறுறன், பிள்ளையை விழாமப் பார் எண்டனான். எந்தெந்த நாள் எண்டு போன் பண்ணு."

"மாரிமழைக்குள்ளயோ அக்கா?"

"அவளுக்குப் பனியில ஏலுமெண்டா, எனக்கு மழையில ஏலாதே?"

எலோடிக்குச் சொன்னேன். அவள் ஜன்னலால் பாதி உடம்பை வெளியே நீட்டி அக்காவைக் கட்டிக்கொண்டாள். ரயில் அசைந்தபோதுதான் விட்டாள். எனக்கு இறங்கி அக்காவோடு சீசாவுக்கே போய்விட வேண்டும்போல இருந்தது.