பீங்கான் கோப்பையும் கேன் தண்ணீரும்

பொங்கல் விடுமுறைக்கு விருத்தாசலம் போனபோது அக்கா வீட்டுக் கிணற்றைத் தகரம் போட்டு மூடியிருந்தார்கள்.

"தண்ணியில யுரேனியம் இருக்குதாம். கேன் போடுறவரு மிஷின் வச்சுக் காட்டினாரு," என்றாள் அக்கா.

சென்னை ஆய்வுக்கூடத்தில் மண்ணிலும் நீரிலும் யுரேனியம் தேடுவதுதான் எனக்குச் சம்பளம் தரும் வேலை. கூடப்பிறந்தவள் ஒரு போன் போட்டு என்னைக் கேட்கவில்லை. கேன்காரரை நம்பிவிட்டாள்.

அன்று மாலை எதிர்வீட்டில் அவர் அதே வித்தையைக் காட்டினார். வெள்ளைப் பீங்கான் கோப்பையில் கிணற்றுத் தண்ணீரை ஊற்றி, கதிர்வீச்சு அளக்கும் கையடக்கக் கருவியை ஒட்டிப் பிடித்தார். டிக் டிக் என்றது. தெருவே வாயைப் பிளந்தது. அதில் காலேஜில் இயற்பியல் நடத்தும் ஒருவரும் அடக்கம். நான் கோப்பையை வாங்கித் தண்ணீரைக் கொட்டிவிட்டு, காலிக் கோப்பையை நீட்டினேன். அதே டிக் டிக்.

"கோப்பையில ஒட்டிக்கிச்சுங்க," என்றார் கூசாமல்.

பீங்கானுக்கு வெண்மை தரும் பூச்சில் சிர்க்கான் மணல் சேர்க்கிறார்கள், அதில் இயல்பாகவே துளி யுரேனியம் உண்டு, பூச்சு இறுகிவிட்டதால் அது தண்ணீரில் இறங்காது என்று விளக்கினேன். பீங்கான் சுட்டுப் பிழைக்கிற ஊர். ஒருவர் காதிலும் ஏறவில்லை.

"எதுக்கும் ஜாக்கிரதையா இருக்கறது நல்லதுதானேங்க," என்றார் இயற்பியல்காரர்.

ஆத்திரத்தில் கிணற்றுத் தண்ணீர் ஒரு பாட்டில், கேன் தண்ணீர் ஒரு பாட்டில் பிடித்துக்கொண்டு பஸ் ஏறினேன். ஆய்வுக்கூடத்தில் இரண்டையும் சொட்டுச் சொட்டாகத் தட்டில் உலர்த்தி, படிந்த கறையின்மேல் லேசரைப் பாய்ச்சினோம். பெயர்ந்து வரும் அணுக்களைக் கருவி எடைவாரியாகப் பிரித்து எண்ணும். இரண்டிலும் யுரேனியம் இருந்தது, பயப்படத் தேவையில்லாத அளவில். கேன் தண்ணீரில்தான் சற்று அதிகம்.

எனக்கு வந்த சந்தோஷம் அற்பமானதுதான். உடனே அக்காவுக்கு போன் போட்டு, லேசர் வைத்துச் சோதித்ததையும் வந்த முடிவையும் ஒப்பித்தேன்.

"அப்போ ரெண்டையுமே குடிக்கலாமா?"

"தாராளமா குடிக்கலாம்."

அக்கா அன்றே தகரத்தை எடுத்துவிட்டாள். மாமாவுக்கு மட்டும் இன்னமும் கேன்தான் வேண்டும். தெருவிலோ, சென்னை லேபிலேயே யுரேனியம் இருக்குதுன்னு சொல்லிட்டாங்க என்ற பாதிச் செய்திதான் பரவியது. மேலும் நாலு கிணறுகள் மூடப்பட்டன.

அடுத்த மாதம் அக்கா ஒரு படம் அனுப்பினாள். கேன்காரர் புது லேபிள் ஒட்டியிருந்தார்: 'லேசர் கருவியில் சோதிக்கப்பட்ட குடிநீர்.'