மாமா போட்ட டோங்கி ரப்பர்

என் மகன் போன மாதம் தன் ஜீப்பில் இன்ஜினுக்கு அடியில் வைக்கிற ரப்பரைப் புதிதாகப் போட்டுக்கொண்டு வந்தான். காட்டுப் பாதைக்குத் தாங்குகிற கெட்டி ரப்பர் என்று கடைக்காரன் சொன்னானாம். ஏறி உட்கார்ந்தேன், பல் கிடுகிடுத்தது. இருக்கிறதே நாலு பல். இறங்கிவிட்டேன். இறங்கிய பிறகும் உள்ளங்கால் குறுகுறுத்தது. அன்றைக்கு முழுக்க ஓரிடத்தில் இருப்புக்கொள்ளவில்லை.

அப்பா கான்ட்ராக்டரின் ஜீப் ஓட்டினார். தீவுக் காட்டில், பெரார்கஞ்சுக்கு அப்பால் ரோடு போடுகிற கேம்பில் இருந்தோம். எனக்கு ஆறு வயதா ஏழா, அது அம்மாவுக்கே நிச்சயமில்லை. மழை விட்ட சமயம் என்பது மட்டும் தெரியும், அட்டை கடித்த இடத்தைச் சொறிந்துகொண்டே இருந்தேன். அம்மாவுக்கு எட்டாம் மாசம். டாக்டர் டவுனுக்கு வந்து தங்கச் சொல்லியிருந்தார். முந்தின தடவை, தம்பி வரப்போகிறான் என்று சொல்லிவிட்டுப் போன அம்மா ஆஸ்பத்திரியிலிருந்து தனியாகத்தான் திரும்பினாள். அவனுக்கு வர இஷ்டமில்லை போல என்று நானும் இருந்துவிட்டேன்.

புறப்பட வேண்டிய வாரத்தில் ஜீப்பின் இன்ஜினைத் தாங்குகிற ரப்பர்கள் பிய்ந்துபோயின. புதுசு கடல் தாண்டி மெயின்லேண்டிலிருந்து வரவேண்டும். ஹேடோ துறைமுகத்துக்குக் கப்பல் வந்தது, ரப்பர் வரவில்லை. அம்மாவின் அண்ணன், என் மாமா, ஜங்லிகாட் படகுத்துறையில் டோங்கி மெக்கானிக். டோங்கி என்றால் மீன்பிடிப் படகு. படகு இன்ஜினுக்கு வைக்கிற ரப்பரையே கொண்டுவந்து வெட்டிப் பொருத்தினார். படகில் இன்ஜின் கொஞ்சம் அசைந்தாலும் ஷாஃப்ட் வளைந்துவிடும். அந்தப் பழக்கத்தில், ஸ்பானரில் ஒரு பைப்பை மாட்டி, தொங்கித் தொங்கி இறுக்கினார்.

ஸ்டார்ட் பண்ணியதும் ஜீப் குளிர்ஜுரம் வந்ததுபோல நடுங்கியது. எனக்கு அதைப் போல சந்தோஷம் கிடையாது. பின்சீட்டில் ஏறி வாயைத் திறந்தால் குரல் துண்டு துண்டாக விழும்.

அம்மா ஏறவில்லை.

"இதுல வரமாட்டேண்ணே. நடந்தே போறேன்."

"இருபது மைலு நடப்பியா? அரே, புது ரப்பர்னா ஆடத்தான் செய்யும். ஓட ஓடப் படிஞ்சிரும்."

"அது படியட்டும். அதுக்குள்ள எனக்கு ஒண்ணு ஆச்சுன்னா?"

உள்ளே போய் ஒரு டம்ளர் நிறையத் தண்ணீர் மொண்டுவந்து அவர் கையில் கொடுத்தாள். "மடியில வச்சுக்கிட்டு பாலம் வரைக்கும் போயிட்டு வா. சிந்தாம வந்தியன்னா ஏறுறேன்."

தன் வேலையில் யாராவது குறை சொன்னால் ஸ்பானரை விட்டெறிகிற மனிதர், டம்ளரை வாங்கிக்கொண்டு பின்சீட்டில் உட்கார்ந்தார். அப்பா ஓட்டினார். திரும்பி வந்தபோது மாமாவின் லுங்கி நனைந்திருந்தது.

"மாமா ஒண்ணுக்குப் போயிட்டாரு" என்றேன். கேம்பே சிரித்தது.

"ஜீப்புல போயி டோங்கியில வந்த மாதிரி இருக்கீங்க மச்சான்" என்றார் அப்பா.

அம்மா சிரிக்கவில்லை. டம்ளரை மறுபடி நிரப்பினாள்.

மாமா அடியில் படுத்து நட்டுகளைத் தளர்த்தினார். இன்ஜினை ஓடவிட்டு, அது தன் வாகுக்கு உட்காரும்வரை காத்திருந்து, பைப் இல்லாமல் வெறும் ஸ்பானரால் முடுக்கினார். நடுக்கம் குறைந்தது. ஆனாலும் பாலத்துக்குப் போய்வந்த டம்ளர் பாதிதான் இருந்தது. கடைசியில் கெட்டி ரப்பரையே கழற்றிப் போட்டுவிட்டு, லாரி டியூபை வெட்டி, மடித்து மடித்து வைத்தார்.

"இது எத்தனை நாளைக்கு மச்சான்?"

"ஆஸ்பத்திரி வரைக்கும் தாங்குனா போதும் மாப்ளே."

மூன்றாம் முறை போய்வந்து நின்றபோது மாமா இறங்கவில்லை. அம்மாதான் எட்டி அவர் மடியைப் பார்த்தாள். தண்ணீர் விளிம்புவரை அப்படியே இருந்தது. அதன் பிறகுதான் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஏறினாள்.

நான் முன்சீட்டில் உம்மென்று உட்கார்ந்திருந்தேன். நல்ல நடுக்கத்தை ஒரு டம்ளர் தண்ணீருக்காகக் கெடுத்துவிட்டார்களே என்று ஆத்திரம். சிந்தினால் என்ன, இன்னொரு டம்ளர் மொண்டுகொள்ள வேண்டியதுதானே என்று டவுன் வரும்வரை நினைத்துக்கொண்டே இருந்தேன்.